கணினி சொல்லும் நூறாண்டு வெள்ளம் – ஒரு திறனாய்வு

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "ஸார், இலக்கியம் எழுத நிறையப் பேர் இருக்காங்க. நீங்க உங்க துறையிலேர்ந்து ஏதாவது எழுதுங்க" என்றார்கள். தமிழ்நாட்டில் நீர்ப்பாசனப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டோடு திருவனந்தபுரத்தில் குடியேறியவன் நான். என் துறை தண்ணீர்க் கணக்கு. ஆகவே இங்கே ஒரு நாவலையோ கவிதைத் தொகுப்பையோ திறனாய்வு செய்யாமல் ஒரு மென்பொருளைத் திறனாய்வு செய்ய முற்படுகிறேன். நூலுக்கு உள்ளதுபோல் மென்பொருளுக்கும் ஆசிரியர் உண்டு, மரபு உண்டு, நிறை குறை உண்டு. அதைத் தவறாக வாசிக்கிற வாசகனும் உண்டு. அந்த வாசகனைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

இந்தக் கட்டுரைக்கு வித்திட்டவர் தம்பானூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர். எங்கள் திருநெல்வேலிக்காரர். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாரி பேக்கர் கட்டிய வட்டக் கோபுர இந்தியன் காபி ஹவுஸில் காபி குடித்துவிட்டு, அண்ணாச்சி கடையில் பத்து நிமிஷம் நின்று ஊர்க்கதை பேசிவிட்டுப் போவது என் வழக்கம். ஒரு மழைநாளில் அவர் கேட்டார்: "ஸார், நீங்க ஆத்து வெள்ளத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாப்பீங்களாமே. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த வருஷம் கடைக்குள்ள தண்ணி ஏறுமா, ஏறாதா?"

நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நாம் இத்தனை காலம் கற்ற கணக்கு, ஒரு கடைக்காரர் கேட்கும் கேள்விக்கு என்னதான் பதில் வைத்திருக்கிறது? அதைப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

மென்பொருளின் குலமரபு

நான் எடுத்துக்கொண்ட மென்பொருளின் பெயர் ஹெச்.இ.சி.–எஸ்.எஸ்.பி. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் பொறியியல் மையம் செய்தது. கலிஃபோர்னியாவில் டேவிஸ் என்னும் ஊரில் 1964-ல் தொடங்கப்பட்ட மையம் அது. ஆற்று வெள்ளத்தின் புள்ளியியலுக்கென்றே உருவான இதன் முதல் பதிப்பு 2008-ல் வந்தது. காசு கொடுக்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதனால்தான் நம் நாட்டு இஞ்சினியரிங் கல்லூரி மாணவர்களும் இதைப் பயன்படுத்த முடிகிறது.

இதற்கு முன்னால் நம்மிடம் என்ன இருந்தது? சூத்திரங்கள் இருந்தன. வடக்கே 1865-ல் டிக்கன்ஸ், நம் சென்னை மாகாணத்தில் 1884-ல் ரைவ்ஸ். ரைவ்ஸ் சூத்திரம் மிக எளிது. நீர்ப்பிடிப்புப் பரப்பை எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கைக் கண்டு, ஒரு கெழுவால் பெருக்கினால் உச்ச வெள்ளம். கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் என்றால் கெழு 6.8, மலையடிவாரச் சிறு பகுதிகளுக்கு 10.2. நம் கரமனையாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்ப்பிடிப்பு சுமார் 700 சதுர கி.மீ. முதல் கெழுவைப் போட்டால் விநாடிக்கு 536 கன மீட்டர். ஆறு அகத்திய மலையில் அல்லவா பிறக்கிறது என்று இரண்டாம் கெழுவைப் போட்டால் 804. ஒரே ஆறு, ஒரே சூத்திரம். விடை ஒன்றரை மடங்கு மாறிவிட்டது. இந்த வெள்ளம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று கேட்டால் சூத்திரத்துக்குத் தெரியாது. அந்தக் கேள்வியே அதன் காலத்தில் எழவில்லை.

அந்தக் கேள்வியை ஆலன் ஹேசன், ஃபுல்லர் போன்ற அமெரிக்கப் பொறியாளர்கள் 1914 வாக்கில் எழுப்பினார்கள். பிறகு வந்தவர் கும்பெல். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் கணிதம் போதித்து, நாஜிகளை எதிர்த்ததால் வேலையிழந்து நாட்டை விட்டே போனவர். 1941-ல் வெள்ளத்தின் மறுவரவுக் காலம் பற்றி எழுதினார். 1958-ல் உச்ச மதிப்புகளின் புள்ளியியல் பற்றிய அவர் நூல் வந்தது. நம் கல்லூரிகளில் இன்றும் கே. சுப்ரமண்யாவின் பாடப்புத்தகத்தைப் பிரித்தால் கும்பெல் முறைதான் முன்னால் நிற்கும்.

அமெரிக்காவில் வேறொரு வழி பிறந்தது. ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு முறையில் கணக்குப் போட்டு ஒரே ஆற்றுக்கு வேறு வேறு விடை சொல்லவே, அரசுத் துறைகள் கூடிப் பேசி 1967-ல் ஒரே முறையைப் பரிந்துரைத்தன. கார்ல் பியர்சன் கண்ட மூன்றாம் வகைப் பரவலை மடக்கை மதிப்புகளுக்குப் பொருத்துவது அந்த முறை. 1976-ல் அது 17ஆம் வெளியீடாக விரிந்து, 1982-ல் '17பி' ஆகி, 2018-ல் '17சி' ஆக வளர்ந்தது. ஹெச்.இ.சி.–எஸ்.எஸ்.பி. இந்த வழிகாட்டியின் கணினி வடிவம் என்று சொல்லலாம். வழிகாட்டி மூலநூல் என்றால் மென்பொருள் அதன் உரை.

உள்ளே என்ன நடக்கிறது

பலரும் நினைப்பதுபோல் இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒவ்வோர் ஆண்டிலும் ஆற்றில் போன மிகப் பெரிய வெள்ளம் ஒன்றை மட்டும் எடுக்கிறோம். முப்பது ஆண்டுப் பதிவு என்றால் முப்பது எண்கள். அவற்றின் மடக்கைகளை எடுத்து மூன்று விஷயம் பார்க்கிறோம். சராசரி எவ்வளவு, சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன, அந்தச் சிதறல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. மூன்றாவதற்குக் கோட்டம் என்று பெயர். தெருவில் எல்லாம் ஓட்டு வீடுகள், ஒரே ஒரு வீடு மட்டும் ஏழு மாடி என்றால் தெருவின் 'சராசரி உயரம்' அந்த வீட்டுப் பக்கமாக இழுபடும் அல்லவா, அதுபோல. இந்த மூன்றையும் கொண்டு ஒரு வளைகோடு வரைந்தால், எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் எவ்வளவு என்று படித்துச் சொல்லலாம்.

பயிற்சிக்காக நானே ஓர் உதாரணம் அமைத்துக்கொண்டேன். இது எந்த ஆற்றின் கணக்கும் அல்ல. முப்பது ஆண்டுப் பதிவு. மடக்கைச் சராசரி 2.5, திட்ட விலக்கம் 0.25, கோட்டம் பூஜ்யம். விடை: நூறாண்டு வெள்ளம் விநாடிக்குச் சுமார் 1,200 கன மீட்டர். இந்த ஒற்றை எண்ணோடு மென்பொருள் நிற்பதில்லை என்பதுதான் முக்கியம். மேலும் கீழும் இரண்டு எல்லைகளைச் சேர்த்துத் தருகிறது. இந்த உதாரணத்துக்குப் பழைய '17பி' வழியில் நானே கையால் போட்டுப் பார்த்தேன். உண்மை விடை 900-லிருந்து 1,800-க்குள் எங்கேயும் இருக்கலாம். அதுவும் நூற்றுக்குத் தொண்ணூறு உறுதியோடு மட்டும்!

கோட்டத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தேன். பூஜ்யத்துக்குப் பதில் அரை என்றால் 1,200 என்பது 1,480 ஆகிறது. கழித்தல் அரை என்றால் 970. முப்பது ஆண்டுப் பதிவை வைத்துக் கோட்டத்தை இவ்வளவு துல்லியமாக யாராலும் கணிக்க முடியாது. முப்பத்தொன்றாம் ஆண்டில் 2,000 கன மீட்டர் வெள்ளம் ஒன்று வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, கோட்டத்தைத் தொடாமலே மறுபடி கணக்குப் போட்டேன். நேற்று 1,200 ஆக இருந்த நூறாண்டு வெள்ளம் இன்று 1,540 ஆகிவிட்டது. ஆறு மாறவில்லை. நமக்குத் தெரிந்தது கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான்.

நிறைகள்

இந்த மென்பொருளிடம் எனக்குப் பிடித்த முதல் குணம் அதன் நேர்மை. தனக்குத் தெரியாததன் அளவையும் அது அச்சிட்டுத் தருகிறது. நம்மில் எத்தனை நிபுணர்கள் அப்படிச் செய்கிறோம்?

இரண்டாவது நிறைதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. பழைய முறையில் அளவுமானி பதிவு செய்த ஆண்டுகளே கணக்கின் மையம். அதற்கு முந்திய பெருவெள்ளத்தைச் சேர்க்க வழி இருந்தாலும் அது ஒட்டுப்போட்ட மாதிரிதான் இருந்தது. '17சி' வழிகாட்டி இதை மாற்றியது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் டிமொதி கோன் முதலியோர் வளர்த்த ஒரு கணிப்பு முறையை எடுத்துக்கொண்டு, மனிதர்களின் ஞாபகத்துக்குக் கணக்கில் முறையான இடம் கொடுத்தது.

எப்படி என்று நம் ஊர் உதாரணத்தால் சொல்கிறேன். திருநெல்வேலியில் தாமிரபரணி வெள்ளம் பற்றிக் கேட்டால் யாரும் கன அடியில் பதில் சொல்லமாட்டார்கள். "குறுக்குத்துறை முருகன் கோயில் எம்புட்டு முங்கிச்சு?" என்றுதான் பேச்சு. ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில் அது. 1992 நவம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தையும் ஊர் அந்தக் கோயிலை வைத்துத்தான் ஒப்பிடும். அளவுமானி இல்லாத காலத்தில் தண்ணீர் கோயிலின் இன்ன இடத்தைத் தாண்டியிருந்தால் ஊருக்குக் கட்டாயம் ஞாபகம் இருந்திருக்கும். யாருக்கும் ஞாபகம் இல்லையென்றால் தாண்டவில்லை என்று அர்த்தம். அளவு தெரியாவிட்டாலும், "இத்தனை ஆண்டுகளில் இந்த மட்டத்தைத் தாண்டவில்லை" என்பதே ஒரு செய்தி. புதிய முறை இதை 'உணர்வரம்பு' என்கிற மாதிரி ஒரு பெயரால் ஏற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு காலத்துக்கும் எந்த அளவுக்கு மேல் போனால் நமக்குத் தெரிந்திருக்கும் என்று மென்பொருள் கேட்கிறது. நாம் பதில் சொல்கிறோம்.

மலையாளிகளுக்கு இதற்கு நல்ல உதாரணம் 'தொண்ணூற்றொன்பதிலே வெள்ளம்'. கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924 ஜூலை. பாட்டிமார் வாய்மொழியாகவே வந்த வெள்ளம். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது மத்திய நீர்வள ஆணையம் தன் அறிக்கையில் எந்த மழையோடு ஒப்பிட்டது? அதே 1924 ஜூலை 16 முதல் 18 வரை தேவிகுளத்தை மையமாகக் கொண்டு பெய்த மழையோடுதான். 2018-ல் ஆகஸ்ட் 1 முதல் 19 வரை மாநிலத்தில் பெய்தது 758.6 மில்லிமீட்டர், வழக்கமாகப் பெய்வது 287.6. பெரியாற்றில் நீலீஸ்வரம் அளவு நிலையத்தில் ஆகஸ்ட் 16 அன்று உச்ச ஓட்டம் விநாடிக்கு 8,800 கன மீட்டர். இதுபோன்ற எண்ணை அரை நூற்றாண்டுக்கும் குறைந்த பதிவில் மட்டும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வளைகோடு எகிறும். 1924-ஐயும் அதற்கு இடைப்பட்ட ஆண்டுகளின் மௌனத்தையும் சேர்த்துப் போட்டால் கோடு நிதானப்படும். பாட்டி சொன்ன கதையையும் தரவு என்று எடுத்துக்கொள்கிற மென்பொருளை நான் எப்படிப் பாராட்டாமல் இருப்பேன்?

குறைகள்

இனி மறுபக்கம். முதற்குறை, பிறந்த வீட்டுப் பாசம். கோட்டத்தைச் சரிபார்க்க அக்கம்பக்கத்து ஆறுகளின் கோட்டத்தையும் கலந்துகொள்ள வழி இருக்கிறது. நல்ல வழிதான். ஆனால் அதற்கான வரைபடங்கள் அமெரிக்க ஆறுகளுக்கு உள்ளவை. நம் நாட்டுக்கு அந்த வேலையை நாம்தான் செய்யவேண்டும். மத்திய நீர்வள ஆணையம் நாட்டை 26 துணை மண்டலங்களாகப் பிரித்து, சிறு நடுத்தர நீர்ப்பிடிப்புகளுக்கு 25, 50, 100 ஆண்டு வெள்ளம் கணிக்க அறிக்கைகள் வெளியிட்டிருக்கிறது. ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனமும் வட்டார ஆய்வுகள் செய்திருக்கிறது. இவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் மென்பொருளை மட்டும் இயக்குகிறவர் கடன் வாங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பவர்.

இரண்டாவது, கொடுத்த எண் எங்கிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. ஆறு கரை புரளும் நாளில் படகில் போய் வேகம் அளப்பவர் யார்? பெரும்பாலும் நீர்மட்டத்தைப் பார்த்து, சின்ன வெள்ளங்களில் கண்ட மட்டம்–ஓட்ட உறவை மேலே நீட்டித்தான் உச்ச ஓட்டத்தைச் சொல்கிறோம். ஆக, கணக்கில் எந்த எண் அதிகம் முக்கியமோ அதுதான் குறைவாக அளக்கப்பட்ட எண். மென்பொருள் தரும் எல்லைகளில், நாமாக எடுத்துச் சொன்னாலொழிய, இந்தப் பிழை சேராது.

மூன்றாவது, எல்லா ஆண்டுகளும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று அது நம்புகிறது. கரமனையாற்றில் 1930களில் அருவிக்கரை அணை வந்தது. 1983-ல் பேப்பாறை அணை வந்தது. அணைக்குக் கீழே 1983-க்கு முந்திய வெள்ளமும் பிந்திய வெள்ளமும் ஒரே இனம் ஆகுமா? ஷட்டரை எப்போது எவ்வளவு திறப்பது என்று மனிதன் தீர்மானிக்கிற இடத்தில், இயற்கையின் வாய்ப்புக் கணக்கை அப்படியே போடலாகாது. அணையின் விளைவை நீக்கித் திருத்திய ஓட்டத்துக்கே இந்த முறை பொருந்தும் என்று வழிகாட்டியே எச்சரிக்கிறது. ஆனால் மென்பொருளில் பொத்தானை அழுத்தினால் விடை வந்துவிடும், தடுக்க ஆளில்லை. இதோடு வானிலையே மாறி வருகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நேற்றைய மழைதான் நாளைக்கும் பெய்யும் என்ற அடிப்படையையே 2008-லிருந்து நீரியலாளர்கள் வெளிப்படையாகக் கேள்வி கேட்டு வருகிறார்கள்.

நான்காவது, பெயர்க்குற்றம். 'நூறாண்டு வெள்ளம்' என்ற பெயரைப் போல மக்களைக் குழப்பிய பெயர் வேறில்லை. "2018-ல வந்தாச்சு, இனி 2118-லதான்" என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு; போன வருஷம் வந்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. முப்பது வருஷ வீட்டுக்கடன் வாங்கி ஒருவர் ஆற்றோரம் வீடு கட்டினால், கடன் முடிவதற்குள் அந்த வெள்ளத்தை ஒருமுறையாவது பார்க்க வாய்ப்பு நூற்றுக்கு 26. நூறு ஆண்டுக்குள் பார்க்க வாய்ப்பு 63, நூறு அல்ல.

இந்தக் குறைகளையெல்லாம் விடப் பெரிய குறை நம்முடையது. மென்பொருள் மூன்று எண்கள் தருகிறது: நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று. அறிக்கை எழுதும்போது நடு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறோம். என் பணிக்காலத்தில் இப்படி எழுதப்பட்ட அறிக்கைகளை நான் கண்டிருக்கிறேன். சொல்லப்போனால் நானே எழுதியிருக்கிறேன். மேலதிகாரி ஒரே எண் கேட்பார். கான்ட்ராக்டர் ஒரே எண் கேட்பார். "900-லிருந்து 1,800 வரை" என்று எழுதினால் "என்னய்யா, உமக்கே நிச்சயமில்லையா?" என்பார்கள். நிச்சயமில்லை என்பதுதானே உண்மை! அந்த உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வராத நாட்கள் உண்டு.

தம்பானூருக்கு வருவோம்

இப்போது அண்ணாச்சியின் கேள்வி. தம்பானூர் ஒரு கிண்ணம் மாதிரி. சுற்றியுள்ள மேடுகளில் விழும் மழை இறங்கி இங்கே வந்து சேரும். சேர்ந்த தண்ணீர் ஆமையிழஞ்சான் தோட்டின் வழியாக, 1931-ல் திறந்த ரயில் நிலையத்தின் அடியில் நூறு மீட்டருக்கும் மேல் சுரங்கமாகப் போய், பழவங்காடி, தகரப்பறம்பு, வஞ்சியூர், கண்ணம்மூலை வழியே ஆக்குளம் காயலை அடையவேண்டும். வழியில் எங்கே அடைத்தாலும் எஸ்.எஸ். கோவில் ரோட்டில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடிய அனுபவம் நம் குடும்பங்களில் பலருக்கும் உண்டு.

இங்கே ஆற்று மென்பொருள் என்ன செய்யும்? நேர்மையாகச் சொன்னால், அதிகம் செய்யாது. அதற்கு வேண்டியது நீண்ட காலப் பதிவு. நம் நாட்டில் நகரத் தோடுகளுக்கு அப்படிப்பட்ட ஓட்டப் பதிவு அபூர்வம். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தம்பானூருக்கு மேலே தெரிகிற குன்றில்தான் சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல் வானாய்வுக்கூடம் நிறுவினார். வானிலை அளவெடுப்பில் இந்த ஊருக்கு அத்தனை நீண்ட மரபு. குன்றின் மேல் மழையை அளக்கப் பரம்பரை இருக்கிறது. குன்றின் கீழ் அந்த மழை என்ன ஆனது என்று எழுதி வைக்கும் பழக்கம் இல்லை.

ஆகவே நகரத் தோட்டுக்கு மழையின் கணக்கிலிருந்துதான் தொடங்கவேண்டும். ஒரு மணி நேரத்தில், அரை மணி நேரத்தில் எவ்வளவு பெய்கிறது. அதில் எவ்வளவு சிமென்டுத் தரையில் வழிந்தோடும். மழை எண்களையும் இந்த மென்பொருளிலேயே பொதுப் பகுப்பாய்வு என்ற பகுதியில் போட்டுப் பார்க்கலாம். அது இங்கே நமக்கு உதவும் பகுதி. ஆனால் நகர வடிகாலை யாரும் நூறாண்டு மழைக்குக் கட்டுவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மழைக்குத்தான் கட்டுவார்கள். ஐந்தாண்டு மழைக்குக் கட்டிய வடிகால் என்றால், ஐந்து ஆண்டுக்குள் அது நிரம்பி வழிய நூற்றுக்கு 67 வாய்ப்பு. அது வடிகாலின் தோல்வி அல்ல. அதன் வடிவமைப்பே அதுதான். இதை யாரும் கடைக்காரர்களுக்குச் சொல்வதில்லை.

மேலும், எந்த மென்பொருளும் வடிகால் சுத்தமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். 2015-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் துணையோடு 'ஆபரேஷன் அனந்தா' தொடங்கி, ஆக்கிரமிப்பு அகற்றி, மண் வாரினார்கள். பிறகும் குப்பை சேர்ந்தது. 2024 ஜூலை 13 அன்று ரயில் நிலையத்துக்கு அடியில் அந்தத் தோட்டைச் சுத்தம் செய்ய இறங்கிய ஒரு தொழிலாளி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் தேடலுக்குப் பின் தகரப்பறம்புப் பக்கம் அவர் உடல் கிடைத்தது. காகிதத்தில் அந்தச் சுரங்கத்துக்கு ஒரு கொள்ளளவு எழுதியிருப்பார்கள். பிளாஸ்டிக் மலையின் நடுவே அந்த எண்ணுக்கு என்ன பொருள்? நாம் கவரில் கட்டி எறிவதுதான் அந்தத் தோட்டின் உண்மையான கொள்ளளவைத் தீர்மானிக்கிறது. வாய்ப்புக் கணக்கில் இந்த வரிக்கு இடமில்லை. ஓர் உயிரைக் கொடுத்து நாம் அதைத் தெரிந்துகொண்டோம்.

அண்ணாச்சியின் சுவர்

பதில் சொல்லலாம் என்று மறுபடியும் கடைக்குப் போனேன். அண்ணாச்சி பதிலுக்குக் காத்திராமல் என்னைக் கடையின் உட்புறம் கூட்டிக்கொண்டு போய், அரிசி மூட்டைகளை நகர்த்திவிட்டு, சுவரைக் காட்டினார். கறுப்புப் பெயின்டில் குறுக்குக் கோடுகள். சிலவற்றின் பக்கத்தில் தேதி; சிலவற்றில் வருஷம் மட்டும். அடியில் மங்கிப்போன ஒரு கோடு அவர் மாமனார் காலத்தது.

"தண்ணி வடிஞ்சதும் மொத வேலை கோடு போடுறதுதான் ஸார். மாமா சொல்லிக் குடுத்தது."

"வாசப்படி வரைக்கும் வந்து திரும்பிப் போன வருஷத்துக்கு, அண்ணாச்சி?"

"அதுக்கு எதுக்குக் கோடு? உள்ள வந்தாத்தான் கோடு."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அமெரிக்க வழிகாட்டி பல பக்கம் எழுதி விளக்கும் உணர்வரம்பு இதுதானே! அவருடைய வாசற்படிதான் அவரது வரம்பு. அதற்கு மேல் போனால் கோடு உண்டு. கோடில்லாத வருஷம் படிக்குக் கீழே. எழுதாத ஆண்டும் செய்தி சொல்கிறது.

ஆனாலும் அந்தக் கோடுகளை நான் மென்பொருளில் போடவில்லை. அவை நீர்மட்டம், ஓட்டம் அல்ல. இடையில் ரோடு உயர்ந்திருக்கிறது, தோடு தூர்வாரப்பட்டிருக்கிறது, மறுபடி அடைத்திருக்கிறது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் அல்ல அந்தக் கோடுகள். போட்டால் அழகான வளைகோடு கிடைக்கும். அது பொய்க்கோடு. விடை தரும் கருவி கையில் இருக்கும்போது "இதற்கு விடை தரலாகாது" என்று நிறுத்திக்கொள்வதுதான் பயன்படுத்துகிறவனின் படிப்பு.

அண்ணாச்சிக்கு நான் சொன்ன பதில் இது: "ஏறுமா ஏறாதான்னு எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது அண்ணாச்சி. உங்க சுவரைப் பாத்தா, எந்த வருஷமும் ஏறலாம்னுதான் வச்சுக்கணும். போன வருஷம் ஏறினதால இந்த வருஷம் ஏறாதுன்னு நினைச்சிராதீங்க. அடித்தட்டை மேல இருக்கிற கோட்டுக்கும் ஒரு சாண் மேல வைங்க. அந்தக் கோட்டையும் ஒரு நாள் தண்ணி தாண்டும்."

அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, "இதத்தானே ஸார் மாமாவும் சொன்னாரு" என்றார். பரவாயில்லை. மாமா சொன்னதைக் கணக்கும் சொல்கிறது என்றால் கணக்குக்குத்தான் பெருமை.

ஆக, என் முடிவு இது. ஹெச்.இ.சி.–எஸ்.எஸ்.பி. நல்ல மென்பொருள். நீண்ட பதிவுள்ள ஆற்றுக்கு, அணையின் தலையீட்டைக் கழித்த பிறகு, வட்டார அறிவோடு பயன்படுத்தினால் அதைப்போல் உதவுவது குறைவு. அது தரும் மூன்று எண்களையும் சேர்த்துச் சொல்லாதவர் அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே மேல். பதிவே இல்லாத தோட்டுக்கு அது ஏட்டுச் சுரைக்காய்.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். தம்பானூர், சாலை, கரமனை, கிழக்கேகோட்டை என்று தாழ்ந்த பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் நம் குடும்பங்களில் இதுபோல் எத்தனையோ கோடுகள் சுவரிலும் மனசிலும் இருக்கும். வெள்ளையடிக்கும்போது அழித்துவிடாதீர்கள். தண்ணீர் வந்த தேதி, நேரம், தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், அன்று தோடு அடைத்திருந்ததா – இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நம் இளைஞர்கள் அவற்றைத் திரட்டிச் சங்கத்தில் வைக்கட்டும். இருபது முப்பது வருஷம் கழித்து இந்தத் தோட்டுக்குக் கணக்குப் போட உட்காருகிற ஒரு பொறியாளருக்கு அந்த நோட்டு கிடைத்தால், என்னைப் போல் அவர் மழுப்பிச் சிரிக்க வேண்டியிருக்காது.